கரண்டியின் பயனும் கார்ல் ஃபபெர்ஜேயின் வாழ்வும்

சென்ற ஆண்டு மாரிகாலத்தில் ஒருநாள், எம்மோடு கணிதம் கற்பிக்கும் நண்பர் ஒருவர் பழந்துணியிற் பொதிந்த பொருளொன்றைக் கொணர்ந்து ஆசிரியர் அறை மேசைமீது வைத்தார். பேர்லின் நகரில் வாழும் அவருடைய மைத்துனர் அங்குள்ள பழம்பொருட் சந்தையிலே வாங்கி அனுப்பிய வெள்ளிக் கருவி அது. ஒன்றரைச் சாண் நீளம்; மெலிந்து வளைந்த பிடி; பிடியின் முனையில், மேசன் சாந்து பூசும் கரண்டியை ஒத்த அகன்ற தட்டையான இலை; அவ்விலை முழுவதும் கொடியும் பூவுமாக ஊடறுத்த துளைகள். இது யாது என்பதே வினா.

ஆசிரியர் அறையில் விடைகளுக்குக் குறைவுண்டோ? சுண்ணாம்புக் கரண்டி என்றார் ஒருவர். அத்துணைச் சுண்ணாம்பு தின்றவர் எந்த நாட்டில் உளர் என்று மற்றொருவர் மறுத்தார். வேள்வித் தீயில் நெய் சொரியும் சுருவம் என்று வடமொழி கற்பிக்கும் அன்பர் கூறினார்; துளையுள்ள கரண்டியில் நெய் நில்லாது என்பதை நினைந்து, தம் கூற்றைத் தாமே மீட்டுக்கொண்டார். அவர் மீட்டுக்கொண்ட காரணமே எனக்கு வழிகாட்டிற்று. துளை இருத்தலின் நீர் ஒழுகிப் போதல் வேண்டும். இலை அகன்றும் தட்டையாயும் இருத்தலின் மெதுவான திண்பொருள் ஒன்று உடையாமல் அதன்மேற் கிடத்தல் வேண்டும். பிடி வளைந்திருத்தலின் ஏந்துவோர் கை பெருந்தட்டின் விளிம்பிற் படாது உயர்ந்து நிற்றல் வேண்டும். ஆகவே, நீரில் வேகவைத்த முழுமீனைப் பகுத்தெடுத்து விருந்தினர் கலத்தில் இடும் கருவி இது எனத் துணிந்தேன். பின்னர் நூல்களைப் பார்த்தபோதும் அவ்வாறே கண்டேன். மரக்கறி உணவினனாகிய நான் மீன் பரிமாறும் கரண்டிக்கு இலக்கணம் வகுத்ததைக் குறித்து நண்பர்கள் இன்றும் நகையாடுகின்றனர்.

இவ்வாராய்ச்சி எனக்குப் புதியதன்று. சங்கச் செய்யுள் கற்பிக்கும்போது மண்டை, வள்ளம், வட்டில், குழிசி என்னும் பாத்திரப் பெயர்கள் வருகின்றன. பாணர் மண்டையை ஏந்திச் சென்றனர் என்று நான் கூறியதும், மாணவர் தம் தலையைத் தடவிப் பார்க்கின்றனர். பெயர் நிற்கப் பொருள் மறைந்தது அங்கே. நண்பரின் கரண்டியிலோ பொருள் நிற்கப் பெயர் மறைந்தது. நம் வீடுகளில் நேற்றுவரை இருந்த மூக்குப்பேணியைக் காட்டி, இதற்கு மூக்கு எதற்கு என்று வினவும் பிள்ளைகளும் உளர். உதடு படாமல் அண்ணாந்து பருகுதற்கு என்று விடை கூறுவதற்கு இன்னும் நாம் இருக்கின்றோம். நாம் இல்லாத காலத்தில் அம்மூக்கை யாவர் எவ்வாறு விளக்குவரோ!

கரண்டியின் பிடிக்குப் பின்புறத்தில் நுண்ணிய முத்திரை ஒன்று இருந்தது. கண்ணாடி கொண்டு பார்த்தபோது, தலையணி புனைந்த பெண்ணொருத்தியின் முகம் இடப்பக்கம் நோக்கியிருந்தது. அருகில் 84 என்னும் எண். பொன்னுக்கு நாம் மாற்றுக் கூறுவதுபோல, உருசியர் வெள்ளிக்குச் சொலொத்னிக் என்னும் அளவு கூறினர். அவர்தம் பழைய இறாத்தல் ஒன்றிற்குச் சொலொத்னிக் 96. அவற்றுள் 84 பங்கு தூய வெள்ளியாயின், நூற்றுக்கு எண்பத்தேழரைப் பங்கு. 88, 91 என்னும் உயர்ந்த தரங்களும் உண்டு. அப்பெண்முக முத்திரை 1899 ஆம் ஆண்டு முதல் வழங்கியது. 1908 ஆம் ஆண்டில் முகம் வலப்பக்கம் திருப்பப்பட்டது. அதற்கு முன்னர் அந்தந்த நகரத்தின் சின்னம் பொறிக்கப்பட்டது. குதிரைமேலிருந்து பறவைநாகத்தைக் குத்தும் வீரன் மொஸ்கோவுக்கு. குறுக்கிட்ட நங்கூரங்களும் செங்கோலும் சென் பீற்றர்ஸ்பேர்க்குக்கு. ஆகவே எம் கரண்டி 1899 ஆம் ஆண்டுக்கும் 1908 ஆம் ஆண்டுக்கும் இடையில் உருசிய நாட்டில் முத்திரை பெற்றது என்பது தெளிவாயிற்று. செய்தவர் பெயர் தேய்ந்துவிட்டது. ஃபபெர்ஜே செய்ததோ என்று நண்பர் ஆவலோடு வினவினார். அவ்வாறு கொள்ளச் சான்றில்லை என்று கூறி அவரை வருத்தினேன். ஆயினும் அவ்வினாவே என்னை அப்பெரியாரின் வாழ்க்கையுள் இழுத்துச் சென்றது. முட்டை செய்தவர் என்று மட்டும் நான் அறிந்திருந்த அவர், கரண்டியும் கிண்ணமும் உப்புச் சிமிழும் செய்வித்தவர் என்பதை அப்போதே கற்றேன்.

பீற்றர் கார்ல் ஃபபெர்ஜே 1846 ஆம் ஆண்டு மே மாதம் 30 ஆம் நாள் சென் பீற்றர்ஸ்பேர்க் நகரிற் பிறந்தார். முன்னோர் பிரான்சு தேசத்துப் புரட்டஸ்தாந்தர். 17 ஆம் நூற்றாண்டின் இறுதியிலே சமயக் கொடுமைக்கு அஞ்சி நாடு நீங்கியவர்கள். தலைமுறை தலைமுறையாகக் கிழக்கு நோக்கி நகர்ந்து, இன்றைய எஸ்தோனியாவிலுள்ள பேர்ணு என்னும் கரையூரை அடைந்தனர். தந்தையார் குஸ்தாவ் அங்கிருந்து தலைநகர் சென்று பொற்றொழில் பயின்று, 1842 ஆம் ஆண்டில் பொல்ஷாயா மொர்ஸ்காயாத் தெருவிலே ஒரு நிலவறையில் நகைக்கடை திறந்தார். நாடிழந்த குடியிற் பிறந்தவர் நாடிழந்தே இறந்தார் என்பதை இவ்விடத்தில் நினைவிற் கொள்க.

1860 இல் தந்தையார் கடையை மேலாளரிடம் ஒப்புவித்துக் குடும்பத்தோடு ஜேர்மனியிலுள்ள டிறெஸ்டனுக்குச் சென்றார். கார்லுக்கு அப்போது வயது 14. டிறெஸ்டனில் சக்சனி மன்னரின் பண்டசாலை ஒன்று உண்டு. பச்சை மாடம் என்பது அதன் பெயர். பொன்னும் மணியும் யானைத்தந்தமும் கொண்டு பழைய கம்மியர் செய்த அற்புதங்கள் அங்கே காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தன. இளைஞரின் கண் அங்கேதான் பயின்றது எனலாம். பின்னர் பிராங்பேட்டிலே தொழில் கற்றார். இத்தாலியையும் பாரிசையும் சுற்றிப் பார்த்தார். ஊர் திரும்பி, ஹேர்மிற்றேஜ் என்னும் அரச காட்சிசாலையிலே ஊதியம் பெறாது தொண்டு செய்தார். கருங்கடற் கரையிலுள்ள கேர்ச் என்னுமிடத்துப் புதைகுழிகளிலிருந்து அகழ்ந்தெடுத்த சிதியரின் பொன்னணிகள் அங்கே இருந்தன. உடைந்தவற்றைப் பொருத்துதலும் மதிப்பிடுதலும் அவர் பணி. பழைய கம்மியன் ஒருவன் ஒரு கொளுவியை ஏன் அவ்வாறு வளைத்தான் என்பதை, அதனை மீண்டும் பொருத்துபவனே அறிவான். ஏட்டிற் கற்கமுடியாத பாடம் அது.

1872 ஆம் ஆண்டு, தம் 26 ஆம் வயதில், தந்தையின் தொழிலைப் பொறுப்பேற்றார். அவ்வாண்டே அகஸ்தா என்பாரை மணந்தார். பத்தாண்டுகள் அமைதியாகக் கழிந்தன. 1882 இல் மொஸ்கோவில் நடைபெற்ற அனைத்துருசியக் கண்காட்சியிலே, தம்பி அகதோனோடு சேர்ந்து, சிதியர் அணிகளைப் பார்த்துச் செய்த படிகளை வைத்தார். மூன்றாம் அலெக்சாந்தர் மன்னன் அவற்றைக் கண்டு, மூலத்தினின்றும் பிரித்தறியமுடியாதன என வியந்தான் என்பர். பொற்பதக்கம் கிடைத்தது. 1885 இல் அரண்மனைப் பொற்கொல்லர் என்னும் பட்டம் வந்தது. அவ்வாண்டிலேதான் முதல் முட்டையும் பிறந்தது. வெண்ணிற எனாமல் ஓடு; உள்ளே பொன்னாலான மஞ்சட்கரு; அதனுள்ளே பொன்னாலான கோழி. உயிர்ப்பு விழாப் பரிசாக மன்னன் அதனை மனைவிக்கு அளித்தான். அவனும் அவன் மகன் இரண்டாம் நிக்கலசும் பெற்றவை எல்லாமாக 50 முட்டைகள். முட்டைகளைப் பற்றி எழுதியோர் பலராதலின் நான் இவ்வளவில் அமைகின்றேன்.

1887 இல் அவர் மொஸ்கோவில் ஒரு கிளை திறந்தார். அலன் போ என்னும் ஆங்கிலேயர் அதில் பங்காளர். தலைநகரத்துப் பட்டறைகள் ஐரோப்பிய நாகரிகத்திற்கு இசைந்த நுண்ணணிகளைச் செய்தன. மொஸ்கோப் பட்டறையோ பெரும்பாலும் வெள்ளி வேலை செய்தது. அந்நகரத்துப் பெருவணிகர் பழைய உருசியப் பாங்கை விரும்பினர். விருந்தோம்பலிலும் அவர்கள் சளைத்தவரல்லர். ஆதலின் விருந்து மேசைக்கு வேண்டிய வெள்ளிக்கலங்கள் அங்கிருந்து நூற்றுக்கணக்கிற் புறப்பட்டன. ஒவ்வொரு குடும்பத்திற்கும் அதன் பெயரெழுத்தைப் பொறித்த முழுத்தொகுதி; அது மரப்பெட்டியுள் பட்டுவிரிப்பில் வைக்கப்பட்டு மணமகளோடு செல்லும்.

இத்துணைக் கருவிகள் எதற்கு என்று கேட்கலாம். அதற்கு அந்நாட்டு விருந்துமுறையை அறிதல் வேண்டும். முற்காலத்தில் பிரான்சிலும் பிற நாடுகளிலும் உணவு வகைகளையெல்லாம் ஒரே வேளையில் மேசைமீது பரப்பிவைத்தனர். உருசிய முறை வேறு. ஏவலர் ஒவ்வோர் உணவாக, அடுக்களையிலேயே பகுத்து, சூடாறுமுன் கொணர்ந்து வரிசையாகப் பரிமாறுவர். 1810 ஆம் ஆண்டளவில் பாரிசிலே உருசியத் தூதராயிருந்த குராக்கின் கோமகன் இம்முறையை அந்நகரத்தார்க்கு அறிமுகஞ் செய்தார் என்பது வழங்கும் வரலாறு. உணவு ஒவ்வொன்றாக வரும்போது, அதனதற்கு ஏற்ற பரிமாறு கருவியும் ஒவ்வொன்றாக வேண்டியதாயிற்று. நம் பந்தியில் சோற்றுக்கு ஒரு கரண்டியும் குழம்புக்கு ஓர் அகப்பையும் பாயசத்துக்கு ஒரு செம்பும் வருதலை நினைந்துகொண்டால் இது விளங்கும். அவர்கள் அதனை வெள்ளியிற் செய்தார்கள், பெருக்கியும் செய்தார்கள்.

பயனை அறியும் முறை பெரும்பாலும் எம் கரண்டியிற் கண்டதே. பணியாரம் எடுக்கும் கருவி முக்கோணமாய் ஓடும், துளை வேண்டியதில்லை. பனிக்கூழ் எடுப்பது மண்வாரி போல விளிம்பு மடிந்திருக்கும். உருகியது சிந்தாமைப் பொருட்டு. இரு முனையுடைய சிறு முள் எலுமிச்சைத் துண்டுக்கு உரியது. உருசியர் தேநீரில் எலுமிச்சை இடுவர். சர்க்கரையைக் கட்டியாக வாங்கி உடைத்துப் பல்லிடையே கடித்துக்கொண்டு தேநீர் பருகும் வழக்கமும் அவர்க்கு உண்டாதலின், சர்க்கரைக் குறடு இன்றியமையாதது. அடியில்லாமல், கைப்பிடி மட்டும் பொருந்திய வெள்ளி வளையம் போன்ற கூடொன்று காணப்படின் மயங்கவேண்டா. தேநீரைக் கண்ணாடிக் குவளையிற் பருகும் நாட்டில், விரல் சுடாதிருக்கக் குவளையைத் தாங்கும் உறை அது. மூடியுடைய சிறு நாற்காலி ஒன்று கிடைப்பின், பாவைப்பிள்ளைக்கு உரியது என்று எண்ணிவிடுவோம். அதன் இருக்கையைத் தூக்கினால் உள்ளே பொன்முலாம் பூசிய குழி இருக்கும். அஃது உப்புச் சிமிழ். விருந்தினரை அப்பமும் உப்பும் ஏந்தி எதிர்கொள்ளுதல் அந்நாட்டு மரபு. உப்பு வெள்ளியை அரிக்குமாதலின் உள்ளே பொன் பூசினர். மீன்சினையாகிய கவியாரை வெள்ளி தொடின் அதன் சுவை கெடும் என்பதனால், அதற்குரிய கரண்டியைக் கிளிஞ்சலாலோ எலும்பாலோ செய்தனர். அன்றேல் வெள்ளிக்குப் பொன்முலாம் பூசினர். பொன்முலாம் கண்ட இடமெல்லாம் செருக்கின் அடையாளம் என்று கொள்ளலாகாது.

இவற்றுள் என் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்தது கோவ்ஷ் என்னும் பாத்திரம். நீரில் மிதக்கும் வாத்தின் வடிவம். தலைப்புறம் உயர்ந்து பிடியாகும். முற்காலத்தில் நாட்டுப்புறத்தார் அதனை மரத்திற் குடைந்து, தொட்டியிலுள்ள தேன்மதுவையும் குவாஸ் என்னும் புளித்த பானத்தையும் மொள்ளுதற்குப் பயன்படுத்தினர். நம் சிரட்டை அகப்பையின் உடன்பிறப்பு என்று சொல்லத் தோன்றுகின்றது. அரசர் மாளிகையில் அது பொன்னும் வெள்ளியும் ஆயிற்று. 17, 18 ஆம் நூற்றாண்டுகளில் சார் மன்னர் தமக்கு உழைத்தவர்க்கு வெள்ளிக் கோவ்ஷைப் பரிசாக வழங்கினர். பரிசானதும் மொள்ளுதல் நின்றது. ஃபபெர்ஜேயின் காலத்திலே, பழைய உருசியப் பாங்கின்மேற் கொண்ட காதலால் கோவ்ஷ் மீண்டும் உயிர்பெற்றது. ஆனால் எத்தகைய உயிர்! பிடி வானோங்கிற்று, முகப்பில் பழங்கதை வீரர் முகம் புடைத்தது, விளிம்பெங்கும் நிறக்கற்கள் பதிந்தன. பியோதோர் றூக்கேட் என்னும் கம்மியர் அவர்க்காகக் கம்பி வகுத்து எனாமல் நிரப்பிச் செய்தவை கண்ணைக் கவர்வன. அவற்றுட் சிலவற்றால் ஒரு துளி மதுவையும் மொள்ள இயலாது. மேசை நடுவே வைத்துப் பார்க்கவே ஆகும். அழகைக் குறைகூறுதல் என் கருத்தன்று. எனினும் எளிய மரக்கோவ்ஷ் ஒன்றின் படத்தையும் அதனையும் அருகருகே வைத்து நோக்கியபோது, என் கை முன்னதன்மேலேயே சென்றது.

இத்துறையில் ஃபபெர்ஜே தனியர் அல்லர். மொஸ்கோவில் அவர்க்கு முன்பே சசிக்கோவ், கிளெப்னிக்கோவ், ஒவ்சின்னிக்கோவ் முதலியோர் பெரும் பெயர் பெற்றிருந்தனர். ஒவ்சின்னிக்கோவ் பண்ணையடிமைக் குடியிற் பிறந்து பெரும்பட்டறைக்கு உரியவரானவர். அவர் வரலாற்றைத் தனியே எழுதவேண்டும். ஃபபெர்ஜேயின் சிறப்பு வேறொன்று. தாம் கைப்படச் செய்தவை மிகச் சில. கருத்தைத் தாம் தருவார், வரைவோர் வரைவர், தலைமைக் கம்மியர் தத்தம் பட்டறையிற் செய்வர், முடிந்த பொருளைத் தாம் ஆராய்வார். குறை கண்டால் சுத்தியால் உடைத்துவிடுவார் என்று அவரை அறிந்தோர் எழுதிவைத்துள்ளனர். செய்தவர் பெயரை அவர் மறைக்கவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. தலைநகரத்துப் பட்டறைப் பொருள்களிலே ஃபபெர்ஜே என்னும் பெயரோடு தலைமைக் கம்மியரின் பெயரெழுத்துகளும் நிற்கின்றன. மிக்காயில் பெர்ஹின் என்பார் ஒலொனெற்ஸ் நாட்டுப்புறத்து உழவர் குடியினர். பேரரசரின் முட்டைகள் பலவற்றில் அவ்வுழவர் மகனின் எழுத்துகள் உள்ளன. யூலியஸ் றப்பபோட், ஸ்தேபான் வாக்கேவா போன்றோர் வெள்ளிக்கலங்கள் செய்தோர். மொஸ்கோப் பொருளிலோ இரட்டைத்தலைக் கழுகின்கீழ் கா. ஃபபெர்ஜே என்னும் பெயரே பெரும்பாலும் தனித்து நிற்கும். இவ்வேற்றுமையை அறிந்தவர், முத்திரையைக் கொண்டே எந்நகரத்துப் பொருள் என்பர். போலி முத்திரைகளும் மலிந்துள்ளனவாதலின், முத்திரையை மட்டும் நம்புவோர் ஏமாறுதலும் உண்டு.

1900 இல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் அவர் முட்டைகளைக் காட்டினார். பிரான்சு அரசு அவர்க்கு விருதளித்தது. அவ்வாண்டிலேயே தலைநகரில் அதே தெருவின் 24 ஆம் இலக்கத்திலே கடையும் பட்டறைகளும் இல்லமும் ஒருங்கே அமைந்த மாளிகை எழுந்தது. தந்தையின் நிலவறையிலிருந்து சிறிது தூரமே. ஆனால் ஐம்பத்தெட்டு ஆண்டு வழி. ஒடெசாவிலும் கீவிலும் கிளைகள் தோன்றின. 1903 இல் லண்டனில் வாணிகம் தொடங்கிற்று. அங்கே இடர் ஒன்று நேர்ந்தது. ஆங்கிலேயர் வெள்ளிக்கு ஆயிரத்தில் 925 பங்கு வேண்டும். உருசியரின் 84 ஆங்கே செல்லாது. இறக்குமதியான பொருளும் லண்டன் பொற்கொல்லர் சங்கத்தில் சோதனைக்கு உட்படவேண்டும் என்று எழுந்த வழக்கு 1910 இல் ஃபபெர்ஜேக்கு எதிராக முடிந்தது. அதன்பின் 91 தரத்தில் வார்த்து, அரைகுறையாக லண்டனுக்கு அனுப்பி, முத்திரை பெற்று, மீண்டும் உருசியாவுக்குக் கொணர்ந்து எனாமல் பூசி முடித்து, திரும்ப அனுப்பவேண்டியதாயிற்று. ஒரு சிறு சிமிழ் கடல் மும்முறை கடந்தது!

1914 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், தலைநகரச் சஞ்சிகை ஒன்றுக்குத் தம் கொள்கையைக் கூறினார். கல்லின் விலையையும் முத்தின் எண்ணிக்கையையும் கொண்டு மட்டும் ஒரு பொருளை மதித்தல் தமக்கு உடன்பாடன்று என்பதும், தம்மை வணிகரோடு எண்ணாது கலைஞரோடு எண்ணவேண்டும் என்பதும் அதன் சாரம். அவ்வாண்டு ஆவணியிலே போர் மூண்டது. கம்மியர் பலர் படைக்குச் சென்றனர். பொன்னும் வெள்ளியும் அரிதாயின. எறிகுண்டும் பீரங்கிக் குண்டின் உறுப்பும் செய்யப் பட்டறைகள் திருப்பப்பட்டன. அவற்றோடு செம்பினாலும் பித்தளையாலும் எளிய கிண்ணங்களும் தட்டுகளும் வார்த்தனர். நடுவே இரட்டைத்தலைக் கழுகும், போர் 1914 என்னும் எழுத்தும். அவற்றுள் செம்புக் கோவ்ஷும் உண்டு. கல்லும் இல்லை, எனாமலும் இல்லை, மொள்ளலாம், பருகலாம். வாத்து மீண்டும் நீரில் இறங்கிற்று என்று எனக்குத் தோன்றியது. 1916 ஆம் ஆண்டின் முட்டைகளுள் ஒன்றும் உருக்கினாலானதே; நான்கு பீரங்கிக் குண்டுகளின்மேல் அது நிற்கின்றது.

1917 இல் முடி வீழ்ந்தது. அவ்வாண்டு முட்டைகள் உரியவரைச் சேரவில்லை. 1918 இல் போல்ஷெவிக்கர் நிறுவனத்தைக் கைக்கொண்டனர். அவ்வாண்டு செத்தெம்பரில், 72 வயது முதியவர், தூதரகத்தார் செல்லும் இரயிலில் ஏறி றீகா நகரை அடைந்தார். அங்கும் நிலை கலங்கவே ஜேர்மனி சென்றார். பேர்லின், பிராங்பேட், ஹொம்பேர்க், வீஸ்பாடன் என ஊர் ஊராகப் பெயர்ந்தார். மனைவியும் மூத்த மகன் எவ்கேனியும் பனிக்காலத்து இரவிலே பின்லாந்து எல்லையைக் கடந்து தப்பினர். 1920 இல் குடும்பத்தார் சுவிற்சர்லாந்தின் லொசான் நகரையடுத்து ஒரு விடுதியில் தங்கினர்.

அந்நாட்களைப் பற்றி வரலாற்றாசிரியர் சில வரிகளே எழுதுகின்றனர். நான் அவ்வரிகளிலேயே நெடுநேரம் நின்றேன். நோய் ஒரு பக்கம் இருந்தது; வறுமை முற்றாக வாய்க்கவில்லை. அவரைத் தின்றது செய்வதற்கு ஒன்றும் இல்லாமையே. நாள்தோறும் வரைபடங்களும் பாதி முடிந்த பொருள்களும் முன்னே வர, இது ஆம், இது ஆகாது என்று கூறிப் பழகிய மனிதர். இனி வாழ்வில்லை என்றே அவர் அடிக்கடி சொல்லிவந்ததாக உற்றார் நினைவுகூர்ந்துள்ளனர். அவரால் ஓர் உப்புச் சிமிழையும் வெறுமனே நோக்க முடிந்திராது. மூடி இறுகியதா, கீல் ஓசையின்றித் திரும்புகின்றதா என்று விரல் தேடியிருக்கும். விடுதி மேசையில் இருந்த கரண்டிகளை அவர் எவ்வாறு எடுத்துப் பார்த்திருப்பார் என்று நான் எண்ணியதுண்டு. 1920 செத்தெம்பர் 24 ஆம் நாள் உயிர் நீத்தார். உடல் லொசானிலே தகனஞ் செய்யப்பட்டது. மனைவியார் 1925 இல் பிரான்சின் தென்கரையிலுள்ள கான் நகரில் இறந்தார். சில ஆண்டுகளின் பின் மகன் எவ்கேனி தந்தையின் சாம்பலை அங்கே கொண்டு சென்று தாயாரின் கல்லறையிற் சேர்த்தார். நாட்டிலே தங்கிவிட்ட மற்றொரு மகன் அகதோன், சிறையும் கண்டார். பறிமுதலான அரச மணிகளை மதிப்பிடவும் பணிக்கப்பட்டார். 1927 இல் உறைந்த கடற்பனிமீது பின்லாந்துக்குத் தப்பினார்.

பாத்திரங்களின் கதி உடையவர் கதியைப் பின்பற்றிற்று. வீடுகள் கைமாறின, வெள்ளி பறிமுதலாயிற்று, எத்தனையோ தொகுதிகள் எடைக்கு எடை உருக்கப்பட்டன. தப்பியவை வெளிநாட்டுச் சந்தைக்கு வந்தன. பெட்டி ஓரிடமும் கரண்டி வேறிடமுமாகப் பிரிந்தபோது பெயரும் பிரிந்தது. 24 கருவிகள் வரிசையாய்க் கிடந்த பெட்டியில், இது மீனுக்கு, இது பணியாரத்துக்கு என்று எவரும் கேட்கவேண்டியதில்லை. தனித்துக் கிடக்கும் ஒன்றே ஊமையாகின்றது.

முட்டைக்கும் இந்நிலை நேர்ந்தது என்பதைக் கூறாமல் விட முடியவில்லை. அமெரிக்காவிலே பழம்பொன் வாங்கும் ஒருவர், உள்ளே கடிகாரம் வைத்த பொன் முட்டை ஒன்றைப் பழம்பொருட் சந்தையில் ஏறத்தாழ 14,000 டொலருக்கு வாங்கினார். உருக்கி விற்று ஊதியம் காண்பதே நோக்கம். உருக்குவோர் அவ்விலை தர மறுத்தனர். ஆதலால் அது அடுக்களையிலே கிடந்தது. 2012 இல், கடிகாரத்தில் இருந்த பெயரைத் தேடிச் சென்றபோது, அது 1887 ஆம் ஆண்டின் அரச முட்டை என அறிந்தார். 2014 இல் லண்டனில் அது காட்சிக்கு வைக்கப்பட்டது. ஒரு சில நூறு டொலர் கூடுதலாகக் கிடைத்திருப்பின் இன்று அது பொற்கட்டி. ஐம்பதுள் ஏழு இன்னும் அகப்படவில்லை.

சென்ற மாதம் நண்பர் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். என் முடிபை, துளையின் காரணமும் வளைவின் காரணமும் முத்திரையின் ஆண்டும் காட்டி, ஏறக்குறைய ஒரு விரிவுரையாகவே நிகழ்த்தினேன். இல்லத்தரசியார் தேநீர் கொணர்ந்து வைத்துவிட்டுப் பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடிந்தபின், கரண்டி வந்த அன்றே விளைமீன் பொரித்ததாகவும், சட்டியிலிருந்து எடுக்க வாய்ப்பாக இருந்தமையால் அதனையே எடுத்துப் பயன்படுத்தியதாகவும், எண்ணெய் துளைவழியே நன்றாக வடிந்ததாகவும் கூறினார். வெள்ளியைக் கொதிக்கும் எண்ணெயில் இடலாமோ என்று நண்பர் பதறினார். அம்மையார் அதனைக் கழுவித் துடைத்து, அகப்பைக் கூட்டில் மற்றவற்றோடு வைத்திருந்தார்.